ஃபார்மேட் பண்ணாமல் விண்டோஸ் 11-க்கு மாறுவது எப்படி?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகவும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறீர்கள். 2019-இல் வாங்கிய லேப்டாப்: இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. அதில் டேலி கணக்குகள், அவுட்லுக் மெயில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் வேலைகள் எல்லாம் இருக்கின்றன. கடையில் கேட்டால், "ஃபார்மேட் பண்ணித்தான் சார் 11 போட முடியும், டேட்டாவை காப்பி எடுத்துட்டு வாங்க" என்கிறார்கள். ஃபைலும் செட்டிங்ஸும் போகாமல் மாற வழி இருக்கிறதா? அலுவலகத்தில் இருக்கும் நான்காம் தலைமுறை டெஸ்க்டாப்பை என்ன செய்வது?

லேப்டாப்புக்கு வழி இருக்கிறது, ஃபார்மேட் தேவையே இல்லை. விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் 11-ஐ ஏற்றலாம். டேலி, ஆபீஸ், பிரிண்டர், பிரவுசர் பாஸ்வேர்டு, எழுத்துரு, டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபைல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தால் தனியாகக் காசு கட்ட வேண்டியதும் இல்லை. கடைக்காரர் ஃபார்மேட்டை விரும்புவதற்குக் காரணம் அவருக்கு அது வேகமான வேலை. உங்கள் மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் அந்த வேகத்துக்கு விலை கொடுப்பது நீங்கள். லேப்டாப்போடு வந்த ஒரிஜினல் ஹோம் பதிப்பு போய், யாரோ கிராக் செய்த புரோ பதிப்பு உட்கார்ந்திருக்கும் மெஷின்கள் நிறையவே உண்டு. வாங்கும்போது கூடவே வந்த ஆபீஸும் அத்தோடு போயிருக்கும்.

விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வாடிக்கையாளர்களின் பான், ஆதார், வங்கி விவரம் இருக்கும் மெஷின் என்பதால் இதை மேலும் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில், மேலே ஏற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். செட்டப் முதலில் உங்கள் விண்டோஸ் 10-க்குள் இருந்தபடியே புதிய விண்டோஸை ஒரு மறைவான ஃபோல்டரில் விரித்து வைக்கிறது. எந்தெந்த டிரைவர், எந்தெந்த மென்பொருள், எந்தெந்த யூசர் என்று பட்டியல் எடுக்கிறது. பிறகு ரீஸ்டார்ட் ஆகி, மிகச் சிறிய ஒரு தற்காலிக விண்டோஸில் நின்றுகொண்டு, பழைய விண்டோஸ் ஃபோல்டரைத் தூக்கி "விண்டோஸ்.ஓல்டு" என்ற பெயரில் ஒதுக்கி வைக்கிறது. புதியதை அந்த இடத்தில் பொருத்துகிறது. இன்னும் ஓரிரு ரீஸ்டார்ட்டில் செட்டிங்ஸை எல்லாம் கொண்டுவந்து சேர்க்கிறது. உங்கள் ஃபைல்களை இது ஒவ்வொன்றாக காப்பி எடுப்பதில்லை. டிஸ்கில் ஃபைல் கிடக்கும் இடம் அப்படியே இருக்க, அதைச் சுட்டும் முகவரி மட்டும் புதிய விண்டோஸுக்கு எழுதப்படுகிறது. அதனால்தான் 400 ஜிபி போட்டோ வைத்திருப்பவருக்கும் 4 ஜிபி வைத்திருப்பவருக்கும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. நடுவில் ஏதாவது இடறினால், செட்டப் தானே பின்வாங்கி விண்டோஸ் 10-ஐத் திரும்ப நிறுத்திவிடும்.

அப்படியானால் ஆட்களுக்கு டேட்டா போவது எங்கே? பெரும்பாலும் அப்கிரேடில் போவதில்லை, அதைச் சுற்றி நடக்கும் வேலைகளில்தான் போகிறது. பென்டிரைவிலிருந்து பூட் செய்து பார்ட்டிஷனை டெலீட் செய்வது, டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதியின் சாவி கையில் இல்லாமல் பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) கை வைப்பது, ஏற்கெனவே உடல்நிலை சரியில்லாத ஹார்டு டிஸ்கைப் பல மணி நேரம் வேலை வாங்குவது, எடுத்த பேக்கப்பைத் திறந்தே பார்க்காமல் இருப்பது. இந்த நான்கைத் தவிர்த்தால் உங்கள் வேலை கிட்டத்தட்ட முடிந்தது.

அப்கிரேடே ஃபைலை அழித்த வரலாறும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே துடைத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் 13-இல்தான் மறுபடி வெளியிட்டது. மாட்டியவர்கள் யார் தெரியுமா? டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை டி டிரைவுக்கோ ஒன்டிரைவுக்கோ திருப்பிவிட்டு, சி டிரைவில் பழைய ஃபோல்டரிலும் ஃபைல்களை விட்டுவைத்தவர்கள். அப்கிரேட் அந்தப் பழைய ஃபோல்டரைத் தேவையற்ற நகல் என்று நினைத்து, உள்ளே இருந்ததோடு சேர்த்து அழித்துவிட்டது. நிறுவலின் எண்ணிக்கையைப் பார்த்தால் மிகச் சிறிய விகிதம்தான். ஆனால் அந்தச் சிறிய விகிதத்தில் நம் மெஷின் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நம் ஊரில் சி, டி என்று பிரித்து "முக்கியமானது எல்லாம் டி-யில்" என்று வைத்திருப்பது வழக்கம் என்பதால் இந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பேக்கப் கட்டாயம்.

பேக்கப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் "காப்பி எடுத்துட்டேன்" என்பவர்களிடம் பாதிதான் இருக்கும். டி டிரைவை காப்பி எடுத்திருப்பார்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் சி டிரைவில் இருக்கின்றன என்பது நினைவுக்கு வந்திருக்காது. அதனால் தேர்ந்தெடுத்து எடுக்காதீர்கள். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து, உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். அதற்குள் ஆப்டேட்டா என்று மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. வியூ மெனுவில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் தெரியும். ஸ்டிக்கி நோட்ஸில் குறித்து வைத்தது, அவுட்லுக் கையெழுத்து, சில சமயம் அவுட்லுக்கின் மெயில் ஃபைலே அங்கேதான் இருக்கும்.

அவுட்லுக் மெயில் பல இடங்களில் பிஎஸ்டி என்று முடியும் ஒரே பெரிய ஃபைலாக இருக்கும். வழக்கமாக டாக்குமெண்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில். அக்கவுண்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் என்ற பகுதியில் சரியான இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பி எடுக்கும்போது அவுட்லுக் மூடியிருக்க வேண்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை அது ஏற்காது. வரி அலுவலகத்தில் பல வருட மெயில் என்றால் பிஎஸ்டி அநேகமாக அதைத் தாண்டியிருக்கும். இரவில் காப்பி போட்டுவிட்டுப் போய், காலையில் வந்து பார்த்தால் "ஸ்கிப்" என்று கேட்டுக்கொண்டு நிற்கும். டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

டேலியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டும். பல கம்பெனிகள் பல ஃபோல்டர்களில் இருக்கலாம், ஒவ்வொன்றையும் பாருங்கள். டேலியின் பேக்கப் வசதியில் ஒருமுறை எடுத்துவிட்டு, டேலியை மூடி, அந்த டேட்டா ஃபோல்டரையும் அப்படியே காப்பி எடுங்கள். இரண்டும் இருக்கட்டும்.

ஒன்டிரைவ் ஓடுகிறது என்றால் ஒரு நுணுக்கம். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகம் போல ஒரு சின்னம் இருந்தால் அந்த ஃபைல் உங்கள் டிஸ்கில் இல்லை, இணையத்தில் இருக்கிறது. அதன் மேல் ரைட் கிளிக் செய்து "எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு" என்ற பொருளில் இருக்கும் தேர்வைக் கொடுத்து, பச்சை டிக் வந்த பிறகு காப்பி எடுங்கள். இலவச ஒன்டிரைவ் 5 ஜிபிதான். அதை நம்பி மட்டும் வேலையில் இறங்க வேண்டாம்.

குரோம் பாஸ்வேர்டுகளை ஃபோல்டர் காப்பி காப்பாற்றாது. அவை உங்கள் விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. வேறு விண்டோஸில் கொண்டுபோய் ஒட்டினால் திறக்காது. மேலே ஏற்றும் அப்கிரேடில் அவை அப்படியே இருக்கும் என்றாலும், ஒருவேளை எல்லாம் தவறினால் என்று யோசித்து, கூகுள் கணக்கில் சிங்க் போட்டுவிடுங்கள்.

டிஎஸ்சி பற்றிக் கவலை வேண்டாம். சான்றிதழும் அதன் சாவியும் டோக்கனுக்குள்ளேயே இருக்கின்றன. கம்ப்யூட்டரில் இருப்பது டிரைவர் மட்டும். அப்கிரேடுக்குப் பிறகு டோக்கன் தெரியவில்லை என்றால் டிரைவரைத் திரும்பப் போட்டால் போதும். அப்போது டோக்கன் மென்பொருளில் "இனிஷியலைஸ்" என்று ஒரு பட்டன் கண்ணில் படும். அதை மட்டும் தொடாதீர்கள், சான்றிதழ் அழிந்துவிடும்.

பாமினி கடிதங்களும் அப்படித்தான். எழுத்துரு இல்லாத இடத்தில் அந்த ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். பலர் ஃபைல் கெட்டுவிட்டது என்று அங்கேயே பதறுகிறார்கள். எழுத்துருவைப் போட்டவுடன் தமிழ் வந்துவிடும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து உங்கள் தமிழ் எழுத்துருக்களை ஒரு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள், அது போதும்.

காப்பி முடிந்ததும் அந்த எக்ஸ்டர்னல் டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, ஒரு எக்செல் ஃபைலையும், ஒரு பழைய கடிதத்தையும், ஒரு போட்டோவையும் திறந்து பாருங்கள். முடிந்தால் டேலி பேக்கப்பையும் அங்கே ரீஸ்டோர் செய்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது உங்கள் லேப்டாப்புக்கு என்று நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது இதுதான்: அந்த ஹார்டு டிஸ்கில் அப்கிரேட் செய்யாதீர்கள். ஆறு வருடத்துக்கும் மேலாகச் சுழன்ற டிஸ்க் அது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் நிலையைப் பாருங்கள். மஞ்சளில் "காஷன்" என்று வந்தால் டேட்டாவை வெளியே எடுப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் அதற்குக் கொடுக்க வேண்டாம். நீலத்தில் "குட்" என்றே வந்தாலும், சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்கான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, பழைய டிஸ்கை அப்படியே அதில் குளோன் செய்து (முழு நகல் எடுத்து), எஸ்எஸ்டியைப் பொருத்தி, அதில் அப்கிரேட் செய்யுங்கள். பழைய டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடலாம். இதைவிட முழுமையான பேக்கப் கிடையாது: விண்டோஸ் 10, டேலி, அவுட்லுக், செட்டிங்ஸ் எல்லாம் இருந்தபடியே ஒரு டிஸ்கில் உறைந்து நிற்கும். எது தவறினாலும் அதைத் திரும்ப மாட்டினால் பழையபடி வேலை ஓடும். கூடவே லேப்டாப்பின் வேகம் நீங்களே நம்ப முடியாத அளவு மாறும். ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் 11 ஓட்டுவது பெரும் தொல்லை. குளோன் செய்ய குளோன்சில்லா, ரெஸ்கியூசில்லா இரண்டும் இலவசம். சில எஸ்எஸ்டி தயாரிப்பாளர்களே மென்பொருள் தருகிறார்கள். குளோன் செய்யும்போது எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்கின் கொள்ளளவையும் மாடல் எண்ணையும் வைத்து நிதானமாகப் பாருங்கள். இது இடம் மாறினால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்கின் மேல் எழுதப்பட்டுவிடும். பயமாக இருந்தால் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுக்கலாம். "குளோன் மட்டும், ஃபார்மேட் வேண்டாம், பழைய டிஸ்க் எனக்குத் திரும்ப வேண்டும்" என்று எழுதியே கொடுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர். ஹோம் பதிப்பில் இது "டிவைஸ் என்கிரிப்ஷன்" என்ற பெயரில் இருக்கும். பல லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலே தானாக ஆன் ஆகியிருக்கும். ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று இருக்கிறது. அது வழக்கமாக, லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்தபோது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தார்களோ அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இங்கேதான் நம் ஊரில் ஒரு சிக்கல். கடையில் இருக்கும் பையன் தன்னுடைய மெயிலையோ, கடையின் மெயிலையோ போட்டு செட்டப் செய்து கொடுத்திருப்பான். சாவி அவன் கணக்கில் கிடக்கும். நீங்கள் ஆறு வருடம் கழித்து பயாஸில் ஏதோ மாற்றியதும் நீலத் திரை வந்து சாவியைக் கேட்கும். அது இல்லாமல் அந்த டிஸ்கை யாராலும் திறக்க முடியாது, டேட்டா ரிக்கவரி கடைக்காரராலும் முடியாது. அதனால் இன்றே செட்டிங்ஸில் அது ஆனா ஆஃபா என்று பாருங்கள். ஆன் என்றால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து சாவியைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாவி உங்களிடம் இல்லை என்றால், மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இப்போதே அதை ஆஃப் செய்து, டிக்ரிப்ட் ஆகி முடியும் வரை காத்திருங்கள். இதைக் குளோனுக்கும் முன்பே செய்துவிடுங்கள்.

தகுதியைப் பார்க்க மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருள் போதும். எட்டாம் தலைமுறை இன்டெல் விண்டோஸ் 11-இன் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் "டிபிஎம் 2.0 இல்லை" என்று வரலாம். டிபிஎம் என்பது சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி. அது இல்லாமல் இருக்காது, பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் மெஷின்களில் பிடிடி என்றும், ஏஎம்டி-யில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். ஆன் செய்யுங்கள். பக்கத்திலேயே "கிளியர் டிபிஎம்" என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் சாவிகளை அழிக்கும் தேர்வு அது.

"செக்யூர் பூட் (நம்பகமான விண்டோஸை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) ஆதரவு இல்லை" என்று வந்தால் விஷயம் கொஞ்சம் ஆழம். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் "லெகஸி" என்று இருக்கும். விண்டோஸ் 7 பழக்கத்தில் பழைய எம்பிஆர் முறையில் டிஸ்கைப் பிரித்து விண்டோஸ் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது பயாஸில் நேராகப் போய் யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று மாற்றினால் மெஷின் பூட் ஆகாது. டேட்டா போகவில்லை, திரும்ப லெகஸிக்கு மாற்றினால் பழையபடி ஓடும். ஆனால் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறி கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதால்தான் பல மெஷின்கள் தேவையில்லாமல் ஃபார்மேட் ஆகின்றன. சரியான வரிசை: விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை முதலில் சோதனை முறையில் ஓட்ட வேண்டும், அது சரி என்றால் மாற்றும் முறையில் ஓட்ட வேண்டும், அதற்குப் பிறகே பயாஸில் யூஇஎஃப்ஐ. இந்தக் கருவி ஃபைல்களைத் தொடாமல் பார்ட்டிஷன் அட்டவணையை மட்டும் மாற்றும். டிஸ்கில் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் மறுக்கும்; சி, டி, இ என்று பிரித்தவர்களுக்கு இது வரும்.

இனி அப்கிரேட். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கமே விண்டோஸ் 11-ஐக் காட்டினால் அதையே கொடுக்கலாம், எல்லாம் தானாகத் தங்கும். இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் என்ற கருவியும் அப்படித்தான். நான் விரும்புவது மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (முழு நிறுவலும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கிச் செய்யும் முறை. என்ன தங்கப் போகிறது என்று அது நம்மைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கும்.

தொடங்கும் முன்: வேறு நிறுவன ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்குங்கள். பிரிண்டர், டோக்கன், பென்டிரைவ், முக்கியமாக அந்த பேக்கப் டிஸ்க், எல்லாவற்றையும் கழற்றுங்கள். 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பில், வெளியே சொருகிய யுஎஸ்பி டிஸ்குகளால் டிரைவ் எழுத்துகள் மாறிப்போகும் சிக்கல் வந்து, மைக்ரோசாஃப்டே அத்தகைய மெஷின்களுக்கு அப்டேட்டை நிறுத்தி வைத்தது. சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். சார்ஜர் சொருகியே இருக்க வேண்டும்; டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் இறங்காதீர்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐஎஸ்ஓ ஃபைலை டபுள் கிளிக் செய்யுங்கள். புதிய டிரைவ் ஒன்று திறக்கும். அதிலுள்ள செட்டப்பை ஓட்டுங்கள். உரிம ஒப்பந்தம் எல்லாம் தாண்டி "ரெடி டு இன்ஸ்டால்" என்று ஒரு திரை வரும். இந்த முழு வேலையிலும் நீங்கள் நின்று படிக்க வேண்டிய திரை இது ஒன்றுதான். அதில் இரண்டு டிக் இருக்க வேண்டும். ஒன்று, உங்களிடம் இருக்கும் அதே பதிப்பு: ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ. இரண்டாவது, "கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்". "கீப் பெர்சனல் ஃபைல்ஸ் ஒன்லி" என்றிருந்தால் டேலியும் ஆபீஸும் போய்விடும். "நத்திங்" என்றிருந்தால் உங்கள் ஃபைல்களும் போகும். மாற்ற அதே திரையில் ஒரு இணைப்பு இருக்கும்.

"ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்" தேர்வு மங்கலாகி, அழுத்த முடியாமல் இருக்கிறதா? அங்கேயே செட்டப்பை மூடிவிடுங்கள். இதுவரை மெஷினில் ஒன்றும் மாறவில்லை. பெரும்பாலும் காரணம் மொழி: ஐஎஸ்ஓ இறக்கும் இடத்தில் "இங்கிலிஷ்" என்றும் "இங்கிலிஷ் இன்டர்நேஷனல்" என்றும் இரண்டு இருக்கும், முதலாவது அமெரிக்க ஆங்கிலம், இரண்டாவது பிரிட்டிஷ். உங்கள் விண்டோஸ் எதில் நிறுவப்பட்டதோ அதுவே வேண்டும். ஒன்று ஒத்துவரவில்லை என்றால் மற்றதை இறக்கிப் பாருங்கள். இன்னொரு காரணம் 32 பிட் விண்டோஸ். விண்டோஸ் 11 64 பிட் மட்டுமே என்பதால் அதற்கு மேலேற்ற வழியே கிடையாது. பென்டிரைவிலிருந்து பூட் செய்து வந்திருந்தாலும் இந்தத் தேர்வு கிடைக்காது. அங்கே பார்ட்டிஷன் பட்டியலும் பக்கத்தில் டெலீட், ஃபார்மேட் பட்டன்களும்தான் காத்திருக்கும். உங்களுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.

டிக் இரண்டும் சரியாக இருந்தால் இன்ஸ்டால் கொடுங்கள். எஸ்எஸ்டி-யில் ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்பின். சில சதவீதங்களில் நெடுநேரம் அசையாமல் நிற்கும். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை பவர் பட்டனைத் தொடாதீர்கள். தோற்றுப்போய்த் தானே விண்டோஸ் 10-க்குத் திரும்பி, 0xC1900101 என்று தொடங்கும் பிழை எண் வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர்தான் காரணம். பழைய விபிஎன், ஆன்டிவைரஸ் மிச்சங்கள், பழைய பிரிண்டர் டிரைவர்களை நீக்கி மறுபடி முயலலாம்.

எழுந்து வந்ததும் சில மாற்றங்களுக்குத் தயாராக இருங்கள். ஸ்டார்ட் மெனுவில் அடுக்கி வைத்த டைல்கள் இருக்காது. டாஸ்க்பாரை மேலேயோ பக்கவாட்டிலோ வைத்திருந்தால் அது கீழே வந்திருக்கும். வேர்ட்பேட் கிடையாது. பழைய மெயில் ஆப் பயன்படுத்தியவர்களுக்கு அது 2024 இறுதியோடு நின்றுவிட்டது. உங்கள் அவுட்லுக் ஆபீஸோடு வந்தது என்பதால் அது அப்படியே ஓடும்.

அலுவலகத்தில் ஒன்று கட்டாயம் இடிக்கும். பாஸ்வேர்டு இல்லாமல் ஷேர் போட்டு, டெஸ்க்டாப்பில் இருக்கும் டேலி டேட்டாவை லேப்டாப்பிலிருந்து திறக்கிறீர்கள் என்றால், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புரோ மெஷினில் அது நின்றுவிடும். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை இப்போது விண்டோஸ் மறுக்கிறது. டேட்டா இருக்கும் மெஷினில் ஒரு யூசரை உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, அந்தப் பெயரில் ஷேர் கொடுத்தால் சரியாகிவிடும். இணையத்தில் இந்தப் பாதுகாப்பை அணைக்க வழி சொல்வார்கள். வாடிக்கையாளர் விவரம் இருக்கும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள்.

பத்து நாட்களுக்குள் எல்லா வேலையையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். ஒரு ஜிஎஸ்டி தாக்கல், டோக்கனில் ஒரு கையெழுத்து, பிரிண்ட், ஸ்கேன், பாமினியில் ஒரு கடிதம், டேலியில் ஒரு அறிக்கை. ஒத்துவரவில்லை என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி போய் "கோ பேக்" கொடுத்தால் விண்டோஸ் 10 திரும்ப வரும். ஃபைல்கள் தங்கும், இடையில் புதிதாக நிறுவிய மென்பொருள் மட்டும் போகும். இந்த அவகாசம் இயல்பாகப் பத்து நாள்தான். அதற்குள் விண்டோஸின் டிஸ்ம் என்ற கட்டளையால் 60 நாள் வரை நீட்டிக்கலாம். உங்களைப் போல மாதாந்தரச் சுழற்சியில் வேலை செய்பவர்களுக்கு நீட்டிப்பது நல்லது. அதுவரை "இடம் நிறைய அடைக்கிறது" என்று விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை டிஸ்க் கிளீனப்பில் அழித்துவிடாதீர்கள். அழித்தால் திரும்பும் வழி மூடிவிடும்.

அந்த நான்காம் தலைமுறை டெஸ்க்டாப்புக்கு வருகிறேன். அது விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. ரெஜிஸ்ட்ரியை மாற்றியோ, ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவ் செய்தோ ஏற்றுகிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் அடுத்தடுத்த அப்டேட் வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. டேட்டா இருக்கும் அலுவலக மெஷினில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் அதைச் சேர்க்கலாம். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாக வேண்டும்; செட்டிங்ஸை சிங்க் செய்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். மெஷின் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். அந்த அவகாசத்தில் டேலி டேட்டாவை லேப்டாப்புக்கு நகர்த்திவிட்டு, டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டு டைப்பிங்குக்கும் பிரவுசிங்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டும். டேலி அதில் நேரடியாக ஓடாது, டிஎஸ்சி வேலையையும் லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டேலி லைசன்ஸ் அந்த டெஸ்க்டாப்பில் ஆக்டிவேட் ஆகியிருந்தால், ஃபார்மேட்டுக்கு முன் டேலிக்குள்ளேயே அதை சரண்டர் செய்துவிட்டு லேப்டாப்பில் ஆக்டிவேட் செய்யுங்கள்.